ஆச்சிக்குச் சொன்ன படங்கள்

என் ஆச்சியின் முகத்தைவிட அவளுடைய இடது காதுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாட்டா இறந்ததும் பாம்படத்தைக் கழற்றிவிட்டாள். அதன் கனத்தில் பல வருஷங்களாக நீண்டு தொங்கிப்போன மடல் மட்டும் மிச்சமிருந்தது. தலையைத் திருப்பினால் அது தனியாக ஒருமுறை ஆடி நிற்கும். தேங்காயெண்ணெயும் புகையிலையும் கலந்த வாசனை அந்தக் காதைச் சுற்றி எப்போதும் இருக்கும். திருவனந்தபுரத்துக் கொட்டகைகளில், பெண்கள் பக்கத்து பெஞ்சில், இருட்டுக்குள் என் வாயை அந்தக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டுதான் சிறுவயதில் எத்தனையோ மாட்னி ஆட்டங்களைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிடச் சொன்னேன் என்பதுதான் சரி. திரையில் நடப்பதையெல்லாம் அவள் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஆச்சிக்குக் கண் தெரியாது. அது எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று நினைத்திருந்தேன்.

நாங்கள் நாஞ்சில்நாட்டுக்காரர்கள். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு வேலை. ஆரியசாலைக்குப் போகும் வழியில் ஒரு சந்துக்குள் வாடகை வீடு. அப்பா, அம்மா, நான். நாடு சுதந்திரம் அடைந்ததற்கு மறு வருஷம் பாட்டா காலமானார். காரியங்கள் முடிந்து, சில நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று எங்கள் வீட்டுக்கு வந்த ஆச்சி பிறகு திரும்பிப் போகவே இல்லை. ஊரில் வீடும் வயலும் பெரியப்பாவின் பொறுப்பில் இருந்தன. தாய் மூத்த மகனோடுதான் இருக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் யாராவது ஞாபகப்படுத்தினால் ஆச்சிக்குச் சிரிப்புதான் வரும். "பைப்பத் திருகுனா தண்ணி வருது. சொவத்துல கைய வச்சா லைட்டு எரியுது. எந்தப் பைத்தியக்காரி இத விட்டுட்டு ஊருக்குப் போவா?" என்பாள். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து எங்கேயாவது போய்விட்டு வருவது அவளுக்குப் பிடிக்கும். கடைத்தெருவின் சத்தம் பிடிக்கும். எல்லாவற்றையும்விட சினிமா பிடிக்கும். வெள்ளைச் சேலை கட்டிய மாமியார் கொட்டகைக்குப் போய்வருவதில் அம்மாவுக்குக் கொஞ்சம் சங்கடம். அதனால் ஆச்சி எந்தப் படத்தையும் சாமி படம் என்றே சொல்லிவிட்டுக் கிளம்புவாள். சுவரொட்டியில் வாளும் குதிரையுமாக இருந்தாலும், "கடைசியில சாமி வரும்" என்பாள். துணைக்கு நான்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு நாள் பின்கட்டில் ஆச்சி யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். தெருவில் பாகற்காய் வந்திருக்கிறது, வாங்கட்டுமா என்று கேட்டாள். பதில் வரவில்லை. மறுபடியும் கேட்டாள். "ஏன்ட்டி, நான் கேக்கது காதுல விழல்லியா?" என்று அதட்டினாள். எட்டிப் பார்த்தேன். கொடியில் காயப்போட்டிருந்த அம்மாவின் சேலையைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தாள். அம்மா தெருக்குழாயில் நின்றிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆச்சி சட்டென்று திரும்பினாள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என் சிரிப்பு வந்த திசையைப் பார்த்தாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த வயதில் எனக்கு எப்படிப் புரிந்ததென்று தெரியவில்லை, புரிந்துவிட்டது. சிரிப்பு நின்றுபோனது.

ஆச்சி என்னைத் துவைகல்லில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். வெளிச்சம் தெரிகிறது, ஆள் நகர்வது நிழல்போலத் தெரிகிறது, முகம் தெரியவில்லை என்றாள். "ஒங்கம்மைகிட்ட சொல்லாத. ஒங்கப்பன்கிட்டயும் மூச்சு விடாத." ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் அவளுடைய மாமியாரைப் பற்றிச் சொன்னாள். அந்தக் கிழவிக்கும் கண் போய்விட்டது. வீட்டின் பின்பக்கம் ஓலை இறக்கிய சாய்ப்பில் ஒரு பாயைப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். "கண்ணு போனதோட அவளுக்குப் பேரும் போச்சு. சாய்ப்புல உள்ளது, சாய்ப்புல உள்ளதுன்னுதான் எல்லாரும் சொல்லுவாவ. தட்டுல சோத்தப் போட்டுத் தள்ளி வைக்கது. கொஞ்சம் நேரம் கழிச்சு எடுத்துட்டு வாறது. நானுந்தான் தள்ளி வச்சேன் மக்கா. ஒரு நாளும் பக்கத்துல இருந்து பேசல்ல." சொல்லிவிட்டு எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

அன்றிலிருந்து நான் ஆச்சியின் கண் ஆனேன். யாருக்கும் தெரியாமல் ஒருவரை நடத்திச் செல்வது கைப்பிடித்துக் கூட்டிப்போவதுபோல் எளிதல்ல. நான் அரை அடி முன்னால் போவேன். அவள் முழங்கை என் தோளில் பட்டும் படாமலும் இருக்கும். படி வந்தால் பாட்டுப் பாடுவதுபோல் ஏதாவது சொல்வேன். எதிரே தெரிந்தவர்கள் வந்தால், "ஆச்சி, மண்டிக்கார மாமா" என்று நானே முந்திக்கொள்வேன். ஆச்சி உடனே வாயெல்லாம் பல்லாக, "என்னடே, பிள்ளையோ சொகமா?" என்று விசாரிப்பாள். வீட்டில் உள்ளி உரிப்பது, தேங்காய் துருவுவது, புளி கரைப்பது எல்லாம் அவள் கைக்குத் தெரியும். எனக்கு ஓர் ஆச்சரியம் மட்டும் இருந்தது. எங்கள் வீட்டில் தண்ணீர்க்குடமோ அரிவாள்மணையோ ஒரு நாளும் இடம் மாறியதில்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டகையில்தான் எனக்கு உண்மையான வேலை. பேச்சும் பாட்டும் அவளுக்குக் கேட்கும். ஆனால் யார் பேசுகிறார்கள், யார் ஒளிந்து நிற்கிறார்கள், யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதையெல்லாம் நான்தான் சொல்ல வேண்டும். நடிகர்களின் பெயர் எனக்குத் தெரியாது. நானே பெயர் வைத்துக்கொண்டேன். மீசை வந்துட்டான். குண்டு கதவுக்குப் பின்னால நிக்கான். நீலக்கல் மோதிரம் அழப் போறா. கறுப்பு வெள்ளைப் படத்தில் கல் நீலம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஆனால் ஆச்சிக்கு நிறம் வேண்டும். சேலை என்ன நிறம் என்று கேட்பாள். கத்திரிப்பூ நிறம் என்பேன். "எடுப்பா இருக்குமே" என்று திருப்தியாகத் தலையாட்டுவாள். ஒருமுறை பின்பெஞ்சுப் பெண்மணி பொறுக்க முடியாமல், "ஒந்நு மிண்டாதிரி குட்டீ" என்று, வாயை மூடச் சொல்லி அதட்டினாள். ஆச்சி திரும்பி, "கொச்சுப் பிள்ளையாக்கும். சொல்லிப் பாத்தாத்தான் அவளுக்குப் படம் மனசிலாவும்" என்று பழியை என்மேல் போட்டுவிட்டு, இருட்டுக்குள் என் தொடையில் லேசாகக் கிள்ளினாள்.

ஒரு படத்தில், மகனைப் பிரிந்த தாய் ஊர் ஊராகத் தேடி அலைகிறாள். கடைசியில் பேச்சே இல்லாத ஒரு காட்சி. வயலின் மட்டும் இழைகிறது. அவள் வெள்ளைச் சேலையோடு ஆற்றில் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கிறாள். இடுப்பு, மார்பு, கழுத்து. பிறகு தண்ணீர் மட்டும். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. சுற்றிலும் மூக்கு உறிஞ்சும் சத்தம். "என்னட்டி ஆச்சு? எல்லாவளும் அழுகாளுவளே?" என்று ஆச்சி கேட்டாள். "சந்தோஷத்துல அழுகாவ ஆச்சி. மகன் ஓடி வந்துட்டான். அவள கட்டிப் பிடிச்சுக்கிட்டான்" என்றேன். ஆச்சி, "நல்லாயிருக்கட்டும்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இப்படி மூன்று வருஷம்போல ஓடியது. பிறகு பெரியப்பா தன் மகனுக்குக் கல்யாணம் முடித்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆச்சியிடம் ஆசீர்வாதம் வாங்க அழைத்து வந்தார். அந்த நேரம் பார்த்து நான் பள்ளிக்கூடத்தில். புத்தகப்பையோடு வாசற்படியில் கால் வைக்கும்போது கூடத்தில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். மணமக்கள் காலில் விழுந்து எழுந்துவிட்டார்கள். ஆச்சி திருநீறு எடுத்து, சிரித்த முகத்தோடு கையை நீட்டி, தூணில் பூசினாள். அந்தப் புதுப்பெண் நல்லவள். சத்தம் போடாமல் ஓரடி நகர்ந்து, தன் நெற்றியை ஆச்சியின் விரலுக்குக் கீழே கொண்டுவந்து வைத்தாள். ஆனால் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

"எம்மா, இது என்ன?" என்றார் பெரியப்பா. அவர் அப்பாவைப் பார்த்துத் திரும்பினார். "கண்ணு தெரியாத பொம்பளைய வச்சுக்கிட்டு இந்தச் சந்துக்குள்ள நீ என்னடே செய்வ? நான் கூட்டிட்டுப் போறேன். சாய்ப்பு ஒதுங்கித்தான் கெடக்கு. நம்ம அத்தையும் இப்ப அங்கதான். அவளுக்கும் கண்ணு போயாச்சு. ரெண்டு பேருமா பேச்சுத் துணைக்கு ஆச்சு." பெரியப்பா கெட்டவர் அல்ல. அவருக்குத் தெரிந்த நல்லது அவ்வளவுதான். அவர் அத்தை என்றது பாட்டாவின் தங்கையை. புருஷன் போனபிறகு அண்ணன் வீட்டோடு வந்து தங்கிவிட்டவள்.

சாய்ப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் நான் கத்திவிட்டேன். கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், அங்கே போனால் சரியாகும் என்று. கொட்டகைக்குப் போகும் வழியில் அந்த ஆஸ்பத்திரி வாசலை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். ஒரு கண்ணில் பச்சைத் துணியை மறைப்பாகத் தொங்கவிட்டுக்கொண்டு, யாரையும் பிடிக்காமல் தாங்களாகவே நடந்து வெளியே வரும் கிழவிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வாசல் வந்தால் மட்டும் ஆச்சி நடையை எட்டிப் போடுவாள். அவளுக்குக் கத்தியென்றால் பயம்.

"இந்த வயசுல கண்ணுல கத்தி வைக்கவா?" என்றார் பெரியப்பா. அதற்குப் பதில் சொன்னது, அதுவரை கதவோரம் நின்றிருந்த அம்மா. "நானும் அதத்தான் கொஞ்சம் நாளா நெனச்சேன். மாமி வெளியில தெரிய வேண்டாம்னு இருக்கும்போது நான் எப்படிக் கேக்கது?" என்றாள். ஆச்சி அம்மாவின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "ஒனக்குத் தெரியுமாட்டி?" "சேலைகிட்டப் பேசிட்டு இருந்தீயள்லா? பாகக்காக்காரன் பின்வாசல் வழியாப் பாத்துட்டு என்கிட்டச் சொல்லிச் சிரிச்சான்." எங்கள் வீட்டில் குடம் ஏன் இடம் மாறவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆச்சி வெகுநேரம் யோசித்தாள். பிறகு அப்பாவிடம், "வலிக்குமாடே?" என்று கேட்டாள். மரத்துப்போக மருந்து விடுவார்கள் என்றார் அப்பா. "அப்பம் வைக்கட்டும். சாய்ப்புக்குக் கத்தி எவ்வளவோ மேலு." பெரியப்பாவின் முகம் வாடிவிட்டது. அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "உன்ன ஒண்ணும் சொல்லல்ல மக்கா" என்றாள்.

சமீபத்தில் என் கண்ணிலும் புரை எடுத்தார்கள். காலையில் போனேன், மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். அன்றைக்கு அப்படியல்ல. ஒரு கண்ணில்தான் அறுவை என்றாலும் இரண்டு கண்ணையும் கட்டிவிடுவார்கள். தலைக்கு இருபுறமும் மணல்பையை வைத்து, நாள்கணக்கில் மல்லாந்து படுத்த படுக்கையாக வைத்திருப்பார்கள். தலை அசைந்தால் தையல் விட்டுப்போகும். நர்ஸம்மா வந்து, "அம்மூம்மே, அனங்கருது. சிரிக்கருது, கரயருது, சுமய்க்கருது, கேட்டோ" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். அசையக்கூடாது, சிரிக்கக்கூடாது, அழக்கூடாது, இருமக்கூடாது. ஆச்சிக்கு இவற்றில் ஒன்றுகூட வழக்கமில்லை. முதல் நாளே மணல்பையைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். அம்மா பிடித்து அமுக்கினாள். பள்ளிக்கூடம் விட்டு நான் போனபோது அம்மா களைத்துப்போயிருந்தாள். "என்ன செய்வியோ தெரியாது, ஒங்க ஆச்சியக் கொஞ்ச நேரம் அடக்கி வை" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். முழங்காலிட்டு, அந்தக் காதோடு வாயை வைத்து, நாங்கள் பார்த்த படம் ஒன்றை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். ஆச்சி மரம்போலக் கிடந்து கேட்டாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கட்டிலிலிருந்து, "மோளே, கொறச்சு உறக்கெப் பறயணே" என்று, சத்தமாகச் சொல்லும்படி கேட்டு ஒரு குரல். நெடுமங்காட்டிலிருந்து வந்த ஒரு மலையாளக் கிழவி. அவள் கண்களிலும் கட்டு. எழுந்து நின்றேன். குரலை உயர்த்தி, பாதி எங்கள் வீட்டுத் தமிழிலும் பாதி பள்ளிக்கூடத்து மலையாளத்திலுமாகச் சொன்னேன். வார்டு முழுவதும் கண்ணைக் கட்டிய பெண்கள் மல்லாந்து கூரையைப் பார்த்துக் கிடந்தார்கள். அத்தனை பேரும் என் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் எனக்காகக் காத்திருந்தார்கள். ஒரு நாள் அந்தத் தாயும் மகனும் படத்தைச் சொல்லிக்கொண்டு வந்தவள், ஆற்றங்கரைக்கு வந்ததும்தான் சுதாரித்துக்கொண்டேன். யாரும் அழக்கூடாது. உடனே மகனை ஓட வைத்தேன். அவன் கரையிலிருந்து அம்மா என்று கூப்பிட்டான். அவள் திரும்பினாள். வார்டில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. எல்லாரும் ஓய்ந்தபிறகு ஆச்சி உதடு மட்டும் அசைய என்னைக் கூப்பிட்டாள். "கொட்டகையிலயும் நீ இதத்தானே சொன்ன?"

"ஆமா."

"அவ ஆத்தோட போயிட்டான்னு எனக்குத் தெரியும் மக்கா. அந்தப் பிடிலு அப்பிடி அழுதுச்சே."

"பொறவு ஏன் ஒண்ணும் சொல்லல்ல?"

"நீ அவளக் காப்பாத்திட்டு இருந்த. நடுவுல நான் என்னத்துக்கு?"

கட்டு அவிழ்த்து, பச்சைத்துணி போட்டு, சில வாரம் கழித்துச் சோடாப் புட்டி அடிப்பாகம்போலத் தடித்த ஒரு கண்ணாடியும் வந்தது. அதை மாட்டிக்கொண்டு ஆச்சி முதலில் என்னைக் கூப்பிட்டாள். அவள் கடைசியாகப் பார்த்த என் முகம் ஒரு சின்னக்குழந்தையின் முகம். முகவாயைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். கண்ணாடிக்குள் அவள் கண் பெரிய நெல்லிக்காய்போல் இருந்தது. "ஒன் குரல வச்சு நான் வேற ஒருத்தியல்லா நெனச்சிருந்தேன்" என்றாள். பிறகு என் முகம் போன போக்கைப் பார்த்து, "இவளும் கொள்ளாம், இவளும் நல்ல அழகிதான்" என்று இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

அதன்பிறகு ஆச்சியைப் பிடிக்க முடியவில்லை. முதலில் செம்புக்குப் பக்கத்தில் தண்ணீரை ஊற்றினாள், இல்லாத படிக்குக் காலைத் தூக்கினாள். பழகியதும் தனியாகவே கடைத்தெருவுக்குப் போனாள், பஸ் ஏறினாள். கண்ணாடி வந்தபின் முதல் படத்துக்கு இருவரும் போனோம். விளக்கு அணைந்ததும் வழக்கம்போல அந்தக் காதருகே குனிந்து, "மீசை வாறான்" என்றேன். ஆச்சி திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே, "சும்மா இரிட்டி, நான் பாக்கேன்லா" என்றாள். கோபமே இல்லை. சந்தோஷம்தான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் படத்தில் என்ன நடந்ததென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு படிப்பு இருக்கிறது என்று சொல்லிப் பல படங்களுக்குப் போகாமலிருந்தேன். ஆச்சி தனியாகப் போய்வந்தாள்.

நாஞ்சில்நாடு மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்த சமயம் ஆச்சி ஊருக்குப் போயிருந்தாள். போகும்போது ஒரே ராஜ்யம், திரும்பும்போது வேறு. எதற்குப் போகிறாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. வருவதாகச் சொல்லியிருந்த நாளில் அப்பாவும் நானும் தம்பானூரில் போய் நின்றோம். நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து ஆச்சி முதலில் இறங்கினாள். இறங்கியவள் எங்களைப் பார்க்காமல் படியைப் பார்த்துத் திரும்பி நின்றாள். "படி. இன்னொரு படி. இனித் தரை" என்றாள். உள்ளேயிருந்து எலும்பும் தோலுமாக ஒரு கிழவி, வெயிலில் முகத்தைச் சுளித்தபடி காலால் தரையைத் துழாவி இறங்கினாள். பாட்டாவின் தங்கை. ஆச்சி அவள் கையைப் பிடிக்கவில்லை. அரை அடி முன்னால் நடந்தாள். அந்தக் கிழவியின் விரல்கள் ஆச்சியின் தோளில் பட்டும் படாமலும் வந்தன.

பெரியப்பா எளிதில் விடவில்லையாம். கண் ஆஸ்பத்திரியெல்லாம் இனி அயல் ராஜ்யத்தில் என்றாராம். "கண்ணுக்கு ஏதுடே ராஜ்யம்?" என்று கேட்டுவிட்டு இவள் பஸ் ஏற்றிவிட்டாள். அந்தப் பாட்டிக்கும் பார்வை வந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு அவள் சாய்ப்பில் படுக்கவில்லை, முன்கட்டில் ஜன்னலோரம் கட்டில் போட்டுக்கொண்டாள். இதெல்லாம் பிறகு நடந்தவை. எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது, அவள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு சாயங்காலம்.

பள்ளிக்கூடம் விட்டுப் போனேன். கட்டிலுக்கு ஒரு பக்கம் ஆச்சி உட்கார்ந்திருந்தாள். பாட்டாவின் தங்கை பயத்தில் நடுங்கிக்கொண்டே கிடந்தாள். "மைனி, என்ன விட்டுட்டுப் போயிராத" என்று ஆச்சியிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆச்சி என்னைப் பார்த்ததும் மறுபக்கத்து முக்காலியைக் காட்டினாள். "அந்த அம்மையும் மகனும் படத்த இவளுக்குச் சொல்லு" என்றாள்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. பெரியவளாகிவிட்டேன். "நீயே சொல்லு ஆச்சி, நீ எவ்வளவோ பாத்திருக்கியே" என்றேன். ஆச்சி கண்ணாடியைக் கழற்றினாள். முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள். "நான் கண்ணால பாத்ததுல்லாம் மறந்துபோச்சுட்டி. நீ சொன்னதுதான் நிக்கு" என்றாள்.

நான் குனிந்து சொல்ல ஆரம்பித்தேன். தாய் மகனைத் தொலைத்தாள். ஊர் ஊராகத் தேடினாள். அவள் சேலைக்கு ஒரு நிறம் கொடுத்தேன். பாட்டாவின் தங்கையின் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. பாதியில் அவள் என் கையைப் பிடித்து, "கடைசியில அவ செத்துருவாளா மக்கா? செத்துருவான்னா எனக்குக் கேக்க வேண்டாம்" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், மூடிய கண்ணைத் திறக்காமலே ஆச்சி சொன்னாள்: "பயப்படாமக் கேளு. இவ சொன்னா ஒருத்தரும் சாக மாட்டாவ."